அப்பாவின் வலது கண், அம்மாவின் இடது கண்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் எல்லோருக்காகவும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இது இரண்டு விதமாக நடந்தது.

அப்பாவுக்கு 2008இல் வலது கண்ணில் ஆபரேஷன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். முதல் மூன்று நாள் நன்றாக இருந்தார். சுவர்க் காலண்டரில் தேதியைத் திண்ணையில் இருந்தே படித்துக் காட்டினார். நான்காம் நாள் காலையில், "கண்ணுக்குள்ள குத்துதுடா, புகை மாதிரி மறைக்குது" என்றார். இமை வீங்கி, கண் நன்றாகச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "கத்தி வச்ச கண்ணு, அப்படித்தான் இருக்கும், பொறு" என்றார். தாய்ப்பால் விடச் சொன்னவரும் உண்டு. அதைச் செய்யவில்லை. ஆனால் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டோம். அப்படியே இரண்டு நாள் போய்விட்டது.

மதுரைக்குக் கொண்டுபோனபோது கண்ணுக்குள் சீழ் பிடித்திருந்தது. கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், இரண்டு தடவை. கண் தப்பியது. பார்வை மட்டும், முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் எண்ணுகிற அளவோடு நின்றுவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. இந்தக் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் இமையோரத்திலும் கண்ணின் மேல்தோலிலும் சும்மா குடியிருப்பதுதான், ஆபரேஷனுக்காகத் திறந்த சின்ன வழியில் உள்ளே போய்விடுகிறது. உள்ளே போய்ப் பெருகிவிட்டால், மேலே விடுகிற சொட்டு போதுமான அளவு அங்கே போய்ச் சேராது.

அம்மாவுக்கு 2019இல் இடது கண். இந்த முறை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் எனக்கு இரட்டிப்பு பயம். எதையும் விடாமல் கேட்டேன், அங்கிருந்த சிஸ்டர் சலிக்காமல் சொன்னார். கத்தி வைப்பதற்கு முன் கண்ணில் 5 சதவீத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள். லென்ஸ் வைத்து முடித்ததும், கடைசியில், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்ணின் முன்னறைக்குள் துளியளவு செலுத்துவார்கள். அவ்வளவுதான், வேறு ஊசி இல்லை.

அந்தத் துளி சாதாரணமானதில்லை. அரவிந்த் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் கணக்கு இருக்கிறது. மருந்து செலுத்தாதவர்களில் பத்தாயிரத்துக்கு ஏழு பேருக்குத் தொற்று வந்தது. செலுத்தியவர்களில் இரண்டு பேருக்கு. ஐரோப்பாவில் 2007இல் வந்த பெரிய ஆய்வும் செஃபுராக்ஸிம் என்ற வேறு மருந்தை வைத்து இதையேதான் காட்டியது: செலுத்தாதவர்களுக்குத் தொற்று கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே, "கடைசியில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் போடுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்த இரண்டு பேர் இருக்கிறார்கள், அதை மறக்கக்கூடாது. வீட்டில் நாங்கள் செய்தது: சொட்டு விடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினோம், பாட்டில் மூக்கு இமையில் படாமல் கீழ் இமையை இழுத்து விட்டோம், தலைக்கு ஊற்றவில்லை, விறகடுப்புப் பக்கம் அம்மாவை விடவில்லை. எழுதிக் கொடுத்த சொட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அப்பாவுக்கு நாங்களாக வாங்கி விட்ட அந்தச் சொட்டு என்ன செய்ததோ, இரண்டு நாளைத் தின்றது என்பது மட்டும் நிச்சயம்.

ஐந்தாம் நாள் அம்மா, "லேசா உறுத்துது" என்றார். சிவப்பு இல்லை, பார்வையும் குறையவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு வறட்சிதான் என்றார். வீணாக வந்துவிட்டோமோ என்று கேட்டேன். "வலி, சிவப்பு, மங்கல், எது வந்தாலும் இப்படியே வாங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க" என்றார்.

திரும்பும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் மருந்துப் பையை மட்டும் ஊர் வந்து சேரும்வரை தன் மடியிலேயே வைத்திருந்தார்.