தண்ணீர் ஊற்றியே செடியைச் சாகடித்த கதை (உங்கள் கதையையும் சொல்லுங்கள்)

தொட்டிக்காரன்:
போன மாதம் ஒரு தக்காளிச் செடியைச் சாகடித்தேன். வாடவிட்டு அல்ல, ஊற்றி ஊற்றி. மதியம் இலை துவண்டு தொங்கும். பதறிப்போய் ஒரு குவளை ஊற்றுவேன். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஆகா, நாம்தான் காப்பாற்றினோம் என்று ஒரு பெருமை வேறு. பத்து நாளில் காலையிலேயே துவள ஆரம்பித்தது. இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் பழுப்பு. விரலால் இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது, நடுவில் நூல்போல் ஒன்று மட்டும் மிஞ்சியது. சாக்கடை நாற்றம்.

வேரும் மூச்சு விடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மண்துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்ஸிஜன். இடுக்கு முழுக்க நீர் நின்றால் வேர் திணறுகிறது, திணறும் வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. தண்ணீருக்குள் நின்றபடியே தாகத்தில் துவண்டிருக்கிறது பாவம். மதியத் துவளல் வேறு கணக்கு: வெயிலில் இலை நீரை விடும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்திருக்கும், என் குவளைக்கு அதில் பங்கே இல்லை. இப்போதெல்லாம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை.

சேம்பிலை:
நான் ஏமாந்தது பனித்துளியில். விடிந்ததும் பார்த்தால் சேம்பு இலையின் நுனியில் தினமும் ஒரு சொட்டு. பனி என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தொட்டியை வீட்டுக்குள் வைத்தேன், மறுநாளும் சொட்டு. வீட்டுக்குள் ஏது பனி? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துளி மெல்லப் பருத்து, நுனியில் நடுங்கி, விழுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வேர் மட்டும் ஈரமண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறி, இலை ஓரத்தில் இதற்கென்றே இருக்கும் துளைகள் வழியாக நீர் வெளியே வருகிறதாம். சொட்டு காய்ந்த இடத்தில் சில நாள் வெள்ளையாக உப்புத்தடம் இருக்கும். பனியென்றால் தடம் விடாது.

சாக்பீஸ்:
ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக ஒரே தொட்டியில் நின்ற செம்பருத்தியை இடம் மாற்றினேன். முழங்கால் உயரத்தில் வைத்தது என் தலையைத் தாண்டிவிட்டது. தொட்டி மண்ணோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. "செடி மண்ணைத் தின்று வளர்கிறது" என்று மனதின் ஓரத்தில் நானும் நம்பியிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. பாடம் நடத்துவது ஒன்று, உள்ளே நம்புவது இன்னொன்று!

வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் இதை நிறுத்தே பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்று. 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் இது அச்சானது. மரம் முழுக்கத் தண்ணீராலானது என்று முடிவுகட்டிவிட்டார் மனிதர். வேடிக்கை என்னவென்றால் வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' (gas) என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர்தான். கரியை எரித்தால் வருகிற வாயுவைப் பற்றி எழுதியவரும் அவரே. அதுதான் கார்பன் டை ஆக்சைடு. விடை அந்த வாயுவில்தான் இருந்தது, கோட்டைவிட்டார். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மரத்தின் எடையில் மிகப்பெரும் பகுதி கார்பனும் ஆக்ஸிஜனும்தான். இரண்டும் இலைத்துளை வழியே நுழைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. தண்ணீர் தருவது ஹைட்ரஜனை. வெட்டிப்போட்ட விறகு என்பது கெட்டியாகிப்போன காற்று.

மண்வெட்டி:
அப்போ உரம் எதற்கு சார்?

சாக்பீஸ்:
அந்த 2 அவுன்ஸுக்குத்தான். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு, புரதத்துக்கு நைட்ரஜன். அளவு கொஞ்சம், ஆனால் இல்லாமல் நடக்காது. நைட்ரஜன் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும், அதனால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும். இரும்பை அப்படி எடுத்து நகர்த்த முடியாது. தளிரே வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மண்வெட்டி:
சரி, என் பங்குக்கு ஒன்று. பத்து வயதில் என் தலை உயரத்துக்கு ஒரு மரத்தில் ஆணி அடித்து வைத்தேன், யார் வேகமாக வளர்கிறோம் பார்க்கலாம் என்று. இருபது வருடம் கழித்துத் தேடிப் போனேன். ஆணி மேலே போயிருக்கும் என்று அண்ணாந்து தேடினால், அது பழைய இடத்திலேயே, என் நெஞ்சுக்கு நேராக. தலை மட்டும் லேசாகத் தெரிகிறது, மீதியைப் பட்டை விழுங்கிவிட்டது. மரம் நீள்வது கிளை நுனிகளில்தானாம். நடுமரம் பருக்க மட்டுமே செய்யும்.

சேம்பிலை:
ஆணியாவது பரவாயில்லை. நான் கொடி கட்டின கம்பியை அவிழ்க்க மறந்து, அது மரத்தை நெரித்தே விட்டது. கம்பிக்கு மேல்பக்கம் மட்டும் உருண்டையாக வீக்கம். இலையில் தயாரான சர்க்கரை பட்டையின் உள்பக்கமாகத்தானே கீழே இறங்க வேண்டும், வழியை அடைத்துவிட்டேன்.

தொட்டிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. புது நாற்று வளர்க்கிறேன், அதிலும் ஒரு கூத்து. எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்ததால் தொட்டியைத் திருப்பி வைத்தேன். மறுநாளே திரும்பவும் ஜன்னலைப் பார்க்கின்றன. இப்போது தண்டு பாம்புபோல் நெளிந்திருக்கிறது. இது நேராகுமா வாத்தியார் சார்?

சாக்பீஸ்:
இளம் பகுதிதான் வளையும், நிழல் பக்கம் அதிகம் நீள்வதால். முற்றிப்போன இடத்தில் நெளிவு அப்படியே நின்றுவிடும். இன்னொன்று: சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத தொப்பி போட்டார்கள். நாற்று வளையவில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. 1880இல் எழுதியிருக்கிறார்கள். தக்காளியில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது, கோதுமை நாற்றில் செய்து பாருங்கள்.

தொட்டிக்காரன்:
கோதுமை ஊறப்போட்டாயிற்று. தொப்பிக்கு அலுமினியத் தாள் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.