தேவை மதிப்பீடா, தேவையறிதலா?

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முற்றிய புற்றுநோயுள்ள ஒருவர் நோய் ஆதரவு சிகிச்சைக்கு (நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் 'பேலியேட்டிவ் கேர்') வரும்போது முதல் சந்திப்பில் நிரப்பும் படிவம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். தலைப்பிலேயே நின்றுவிட்டேன். 'நீட்ஸ் அசெஸ்மென்ட்', அதாவது நோயாளிக்கு என்னென்ன தேவை என்று கண்டறிவது, என்பதற்கு இங்கே இதுவரை முன்மொழியப்பட்ட 'தேவை மதிப்பீடு', 'தேவைக் கணிப்பு', 'குறையறிதல்', 'தேவை நாடல்' ஆகிய நான்கையும் தலைப்பில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை.

முதலில், அதிகம் பேச வேண்டாதவற்றை முடித்துவிடுகிறேன். 'பேலியேட்டிவ் கேர்' என்பதற்கு இணையத்தில் பல பக்கங்களில் 'நோய்த்தடுப்பு சிகிச்சை' என்று காணப்படுவது தவறு மட்டுமன்று, நோயாளியைத் தடுப்பூசி போடும் இடத்துக்கு அனுப்பிவிடக்கூடியது. 'நோய்த்தணிப்பு' எனக்குப் பிடித்த சொல்தான்; ஆனால் 948ஆம் குறளில் 'அது தணிக்கும் வாய்' என்று வருமிடத்தில் தணித்தல் நோயைத் தீர்ப்பதையே குறிப்பதால், தீராத நோயுள்ளவரின் படிவத்தில் அது வீண் நம்பிக்கையைத் தரக்கூடும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்றே வழங்குகிறார்கள். ஊரில் பழகிவிட்ட அதையே வைத்துக்கொள்வோம். 'அட்வான்ஸ்ட் கேன்சர்' என்பதை 'மேம்பட்ட புற்றுநோய்' என்று எழுதுவோரை என்ன சொல்வது? 'பரவிய' என்பதும் பொருந்தாது, ஏனெனில் வேறு உறுப்புக்குப் பரவாமல் தோன்றிய இடத்திலேயே முற்றுவதும் உண்டு. 'முற்றிய' என்பதே சரி. ஆனால் பல வீடுகளில் நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால், அவர் கையில் கொடுக்கும் தாளில் அச்சொல் வேண்டாம். மருத்துவக் குழுவின் பிரதியில் மட்டும் இருக்கட்டும். சொல்லைப் பார்த்தே ஆள் பின்வாங்குவது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் 'ஹாஸ்பிஸ்' என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் ஆதரவற்றோர் விடுதி என்ற பொருள் படிந்திருந்ததால்தான், பிரெஞ்சு பேசும் கனடா நகரமான மொன்றியலில் மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் 1970களின் நடுவில் 'பேலியேட்டிவ் கேர்' என்ற தொடரையே உருவாக்கினார்.

இனி 'தேவை'க்கு வருகிறேன். வீட்டுப் பராமரிப்புக் குழு ஒன்றுடன் ஒருநாள் போயிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அம்மாவிடம் செவிலியர் படிவத்தில் உள்ளபடியே "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டதும், "ஒண்ணும் வேணாம் தாயி, நீங்க வந்ததே போதும்" என்று பதில் வந்தது. உதவிப் பணம் கொடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். செவிலியர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "ராத்திரி தூக்கம் எப்படி? வயிறு போகுதா?" என்று கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வலிக்காகக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையால் ஐந்து நாளாக மலம் போகவில்லை. மார்பிலுள்ள புண்ணின் வாடை தாங்காமல் பேரன் திண்ணையோடு நின்றுவிடுகிறான். மலமிளக்கி எழுதிக் கொடுத்தார்கள். வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மா முதலில் வேண்டும் என்றது எது தெரியுமா? மலமிளக்கி அன்று. பேரன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதே.

நம் சொல்லுக்கான திறவுகோல் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். நெதர்லாந்தில் உருவான வினாப்பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகள் உண்டு: இது உங்களுக்குச் சிக்கலாக இருக்கிறதா, இதற்குக் கவனிப்பு வேண்டும் என்று விரும்புகிறீர்களா? வலி இருந்தும் கூடுதல் மாத்திரை வேண்டாம் என்பவர் உண்டு. சிக்கல் இருக்கிறது, தேவை இல்லை. 'குறையறிதல்' இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. போதாததற்குக் குறைதீர் நாள் கூட்டத்தையும் நினைவூட்டுகிறது. 'கணிப்பு' சோதிடத்துக்கும் வானிலைக்கும் போய்விட்டது. 'நாடல்' குறளின் வாசம் உள்ள சொல்தான், ஆனால் "உடனே மருத்துவரை நாடுங்கள்" என்று பழகிய காதுக்கு, நோயாளி எதையோ தேடிப் போவதாகவே கேட்கும்.

எஞ்சுவது 'மதிப்பீடு'. வீட்டை மதிப்பிடுகிறோம், விடைத்தாளை மதிப்பிடுகிறோம். அங்கெல்லாம் விலையும் மதிப்பெண்ணும் மதிப்பிடுபவரின் கையில் இருக்கின்றன. சமூகக் கொள்கை அறிஞர் ஜொனாதன் பிராட்ஷா 1972இல் தேவையை நான்காகப் பிரித்தபோது, வல்லுநர் வரையறுப்பது ஒன்று, உரியவர் உணர்வது மற்றொன்று, அவர் வாய்விட்டுக் கேட்பது வேறொன்று என்று தனித்தனியே வைத்தார். பிறரோடு ஒப்பிட்டுக் காண்பது நான்காவது. 'மதிப்பீடு' முதலாவதன் பக்கமே சாய்கிறது. அறியப்படுவதோ எதிரில் இருப்பவரிடம் இருக்கிறது. ஆகவே தேவையறிதல் என்றும், முதல் சந்திப்பில் செய்வதைத் தொடக்கத் தேவையறிதல் என்றும் முன்மொழிகிறேன். 'தொடக்க' என்பதற்குப் பதில் 'சேர்க்கை' என்று எழுதினால், வீட்டிலேயே பார்க்கப்படுபவர் எதில் சேர்ந்தார் என்ற கேள்வி எழும்.

மறுமொழி

ஐயா, வணக்கம். செவிலியராகப் பல ஆண்டுகள் வீடுவீடாகப் போனவள் என்ற முறையில் எழுதுகிறேன். 'தேவையறிதல்' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நாங்கள் அறிந்துகொள்வதோடு நிற்பதில்லை. எட்மண்டன் அறிகுறிப் பட்டியலில் வலி, சோர்வு, குமட்டல், மூச்சுத்திணறல் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் இடுகிறோம். எண் புரியாதவர்களிடம் "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய் என்றால் இப்போது எத்தனை காசு?" என்று கேட்பேன், "எண்பது காசு" என்று டக்கென்று சொல்வார்கள். நாளை எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வதும் அந்த எண்ணை வைத்துத்தான். அதை 'அறிதல்' என்றால் பாதி வேலை சொல்லிலிருந்தே காணாமல் போய்விடும். 'ரீஅசெஸ்மென்ட்' என்பதற்கு என்ன செய்வீர்கள்?

மறுமொழி

அம்மா, நீங்கள் சொல்வது சரி. எண் இடும் இடங்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே அவற்றில் 'வலி மதிப்பீடு', 'மூச்சுத்திணறல் மதிப்பீடு' என்றே இருக்கட்டும்; படிவம் முழுவதற்குமான தலைப்பு மட்டும் 'தொடக்கத் தேவையறிதல்'. திரும்பச் செய்வதற்குத் 'தேவை மீளறிதல்' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. 'மறுமுறைத் தேவையறிதல்' பரவாயில்லை. எதை முதலில் கவனிப்பது என்பதற்கு 'முன்னுரிமை' என்று தனிக் கட்டம் சேர்த்து, அதில் நோயாளி சொன்னதற்கு ஒரு பத்தியும் செவிலியர் கருதுவதற்கு ஒரு பத்தியும் பிரித்திருக்கிறேன். உங்கள் காசுக் கணக்கையும் வலிக்கான வரியின் கீழே சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாமா?