உதவி: கிராஸ் ஸ்டிட்சில் துணி வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது

பூந்தளிர்:
வணக்கம், அவசரமாக எழுதுகிறேன். கிராஸ் ஸ்டிட்ச், அதாவது துணியில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக நூலால் படம் தைப்பது, ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. மனசுக்கு அமைதியாக இருக்கும் என்று தோழி சொன்னாள், எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். அட்டையில் இருக்கும் பூ எவ்வளவு நிறைவாக இருக்கிறது, நான் போட்டதில் ஒவ்வொரு தையலுக்கும் நடுவே துணி வெள்ளையாகத் தெரிகிறது. நூலும் பாதியிலேயே பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது. சார்ட்டில் (பார்த்துத் தைக்கும் கட்டப் படம்) சொன்னபடியே இரண்டு இழைதான் எடுத்தேன். அம்மாவின் பிறந்தநாளுக்கு இது, சீக்கிரம் சொல்லுங்கள்.

நூல்கண்டு:
என்ன துணி, எத்தனை கவுண்ட், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம்? என்ன ஊசி? நூலை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுகிறீர்கள்? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கயல்:
முறுக்குதான் காரணம், எனக்கும் இப்படித்தான் ஆனது. தைக்கத் தைக்க நூல் தானாக முறுக்கேறிக் கயிறு மாதிரி ஒல்லியாகிவிடும், அப்புறம் கட்டம் எப்படி நிறையும்? பத்துப் பதினைந்து தையலுக்கு ஒருமுறை துணியைக் கவிழ்த்துப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள், அதுவே சுற்றிச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்குச் சுகம். இன்னொன்று, ஆறு இழை நூலிலிருந்து இரண்டையும் சேர்த்து இழுக்காதீர்கள். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்து ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை:
பல வருடமாகப் புதியவர்களுக்கு இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சார்ட்டின் முதல் பக்கத்தில் கவுண்ட், ஊசி, இழை எல்லாம் எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் நேராகப் பூவுக்குப் போனால் இப்படித்தான். முதலில் துணியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஒருவர் எப்படித் தைக்கிறார் என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். நிச்சயம் முடிச்சு முடிச்சாக இருக்கும்.

பூந்தளிர்:
ஐடா துணிதான், கட்டம் கட்டமாக ஓட்டை இருக்குமே, அந்தச் சாதாரணமானது. ஊசி வீட்டில் பொத்தான் தைக்கிறது. நூல் அடிக்கடி கோர்க்க வேண்டாம் என்று ஒரு முழுக்கை நீளம் எடுக்கிறேன்.

நூல்கண்டு:
சரி, நூல் பிரிவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பொத்தான் ஊசி கூர்மையானது, அது ஓட்டையில் நுழையாமல் துணியின் இழையையும், பக்கத்தில் ஏற்கெனவே போட்ட நூலையும் குத்திக் கிழிக்கும். இதற்கு முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி வேண்டும், 14 கவுண்ட் துணி என்றால் 24 நம்பர். நூல் நீளமாக இருந்தால் அதே இடம் நூறு தடவை ஓட்டைக்குள் உரசி நைந்துபோகும், 45 செ.மீ. போதும்.

ஆனால் வெள்ளை தெரிவதற்கு ஊசி காரணமாக இருக்காது. துணி மேல் ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள்.

மஞ்சள்நூல்:
ஊசிமுனை அவர்களே, ஆரம்பிக்கிறவர்களிடம் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா? சட்டம் போட்டு மாட்டினால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஊசிமுனை:
பார்க்க மாட்டார்கள், ஆனால் முடிச்சு முன்பக்கம் மேடாகத் துருத்தும். வெள்ளைத் துணிக்குப் பின்னால் கறுப்பு நூலை ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு இழுத்துக்கொண்டு போனால் முன்னால் நிழல் மாதிரி தெரியும். இது என் பிடிவாதம் இல்லை, நேர்த்தி.

மஞ்சள்நூல்:
நிழல் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்ன முடிச்சுக்காக ஒருவர் தைப்பதையே விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

கயல்:
முடிச்சே வேண்டாமே. இரண்டு இழை தேவை என்றால், ஒரே இழையை இரட்டை நீளத்துக்கு எடுத்து நடுவில் மடியுங்கள். இரண்டு முனைகளையும் ஊசியில் கோர்த்தால் மறுபக்கம் வளையமாக இருக்கும். கீழிருந்து மேலே குத்தி வளையத்தைப் பின்னால் கொஞ்சம் விட்டுவைத்து, ஊசி திரும்பக் கீழே வந்ததும் அதற்குள் நுழைத்து இழுங்கள், பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்னால் இருக்கிற நாலைந்து தையலுக்கு அடியில் ஓட்டி வெட்டினால் போதும்.

பூந்தளிர்:
எண்ணினேன், 11 வருகிறது. சார்ட்டில் 14 என்று இருக்கிறது. கிட்டில் (துணி, நூல், சார்ட் எல்லாம் சேர்ந்த பெட்டி) வந்த துணியில் கறை பட்டுவிட்டதால் வீட்டில் இருந்த வேறு துணியில் போடுகிறேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். துணி 12 அங்குலம், டிசைன் 120 கட்டம்.

நூல்கண்டு:
இதுதான் விஷயம்! 11 கவுண்டில் கட்டம் பெரியது, இரண்டு இழை அதை நிரப்பாது, மூன்று வேண்டும். ஆனால் இழையைக் கூட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். 120ஐ 14ஆல் வகுத்தால் எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேல், 11ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11 அங்குலம். உங்கள் 12 அங்குலத் துணியில் பக்கத்துக்கு அரை அங்குலம்தான் மிஞ்சும், சட்டம் போட அது பத்தாது. நூலும் போதாது. தையல் பெரிதாகி இழையும் மூன்றானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நூல் பிடிக்கும், கிட்டில் வந்ததோ 14 கவுண்டுக்கு அளந்து வைத்தது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 14 கவுண்ட் துணி 15 அங்குலத்துக்கு எடுத்துப் புதிதாகத் தொடங்குவேன். மூன்று வார உழைப்பு போகிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கும். அந்தப் பூவைப் பிரிக்க வேண்டாம், புது ஊசியை அதில் பழகிப் பாருங்கள்.

மஞ்சள்நூல்:
புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், துணியை இரண்டு மடிப்பு மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். 10க்கு 10 கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுகிற வேலை பாதியாகும், நீரில் கரையும் பேனா என்றால் துவைத்து முடிக்காமல் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கோடு நிலைத்துவிடும். பெருக்கல் குறியில் மேலே வருகிற கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கட்டும், ஒன்றிரண்டு மாறினாலும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். கழுத்து வலிக்கு மடியில் தலையணை வைத்துத் துணியைக் கண்ணருகே உயர்த்துங்கள், குனியாதீர்கள். நான் ஒரு நாளைக்கு ஒரு 10க்கு 10 கட்டம்தான் போடுவேன். அது முடிந்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன், மறுநாள் உட்கார ஆசையாக இருக்கும்.

ஊசிமுனை:
ஒவ்வொரு பெருக்கல் குறியையும் அப்போதைக்கப்போதே முடிக்கச் சொல்லுங்கள். வரிசை முழுக்க அரைத் தையல் போட்டுவிட்டுத் திரும்பி வருவது சோம்பேறித்தனம்.

கயல்:
இல்லவே இல்லை, இரண்டும் சரியான முறைதான். ஒரே நிறம் நீளமாக வந்தால் போய்த் திரும்புவதுதான் வேகம், நூலும் சீராகப் படியும். நிறம் சிதறிக் கிடக்கிற இடத்தில் ஒவ்வொன்றாக முடிக்கலாம்.

பூந்தளிர்:
14 கவுண்ட் துணி, 24 நம்பர் ஊசி வாங்கிவிட்டேன். ஓர் இதழ் முடிந்தது, வெள்ளையே தெரியவில்லை. பிறந்தநாளுக்குள் முடியாது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பரவாயில்லை என்றார். எல்லோருக்கும் நன்றி.

கயல்:
படம் போடுங்களேன்! அப்புறம், ராத்திரி தைத்து முடித்ததும், துணியை இழுத்துப் பிடிக்கிற வட்டச் சட்டத்தைக் கழற்றி வைக்கிறீர்களா? அப்படியே விட்டால் வட்டமாகத் தடம் விழுந்துவிடும்.