பொங்கலுக்கு மளிகைப் பை வேண்டாம், சமையல் வகுப்பு வைப்போம்

வெளியூரில் வாழும் நம் ஊர்ச் சங்கத்துச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பொங்கலுக்கும் இல்லாத வீடுகளுக்கு அரிசி, மளிகைப் பை கொடுக்கலாம் என்று பொருளாளர் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல மனம்தான். ஆனால் அரிசி ரேஷனில் விலையில்லாமல் வருகிறது, துவரம்பருப்பும் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருப்பதைக் கொண்டு சத்தாகச் சமைக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் ஊரில் ஆள் இல்லை. பணத்தை அதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன்.

தறிக்குப் போகும் வீடுகளில் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்க்கிறார்கள். பசி என்று வரும் பிள்ளையின் கையில் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். காய்ச்சல் வந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி. சுற்றிலும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை இருக்கும் ஊர் நம்முடையது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, புரதம் மிகச் சொற்பம் என்பது நமக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? வறுத்து அரைத்த பாசிப்பயறு ஒரு கைப்பிடி சேர்த்துக் காய்ச்சினால் அதே கஞ்சியில் பிள்ளைக்குத் தெம்பு ஏறும்.

பெண்களுக்கு இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. முருங்கை கொல்லையிலேயே நிற்கிறது. கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும். இதை யாராவது பக்கத்தில் அமர்ந்து சொல்ல வேண்டும்.

எனக்கு அதிக வேதனை தருவது தனியாக இருக்கும் பெரியவர்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் நம்மைப்போல் வெளியூரில். அடுப்புப் பக்கமே போகாமல் வளர்ந்தவர்கள், சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இருந்தும் டீ, பன், சோறு, ஊறுகாய் என்றே நாளை ஓட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சாப்பிட்டால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? வகுப்புக்கு வர இவர்கள் கூச்சப்படுவார்கள் என்று சிலர் சொல்லலாம். கோயில் பந்திக்குச் சமைப்பது நம் ஊரில் ஆண்கள்தானே. அந்தச் சமையல்காரரையே இவர்களுக்கு ஆசிரியராக்குவோம். குக்கரில் பருப்பும் கீரையும் சேர்த்துக் கடைய, கொள்ளு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாலே பாதிக் கவலை தீரும்.

சாமைக்கும் கேழ்வரகுக்கும் வெளியிலிருந்து நிபுணர் வேண்டாம். குப்பனூர் பாதையில் மேலே ஏறினால், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் அவற்றைக் குத்திப் புடைத்து ஆக்கத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். எந்திரத்தில் வெள்ளையாகத் தீட்டிய சாமையில் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது என்பதை அவர்களைவிட நன்றாக யார் விளக்க முடியும்? அவர்களை மரியாதையாக அழைத்து, பஸ் கட்டணத்தோடு முழு நாள் கூலியும் கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் சமுதாயக் கூடத்தில் நடத்தலாம். ரேஷன், சந்தை, கொல்லை, இந்த மூன்றிலும் கிடைக்காத எதுவும் அடுப்பில் ஏறக் கூடாது. சமைத்ததை எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இரண்டு கேஸ் அடுப்பும் குக்கர்களும் வாங்கும் செலவு என்னுடையது. ஆசிரியர் கூலியையும் மளிகையையும் யார் ஏற்கிறீர்கள்? பொருளாளர் அண்ணன் மளிகைக்கு முன்பணம் கொடுப்பதற்குள் பதில் எழுதுங்கள்.

மேலத் தெரு வாத்தியார் வீட்டு மகள்,
சிங்கப்பூர்