என்டிபி நேர ஒத்திசைவு சரியாக இருந்தும் போகப் போக சத்தம் பின்தங்குகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மண்டபத்தின் கடைசியில் கேமரா, அதற்கு ஒரு கணினி. மேடையோரம் மிக்சர், அதன் யூஎஸ்பி சவுண்ட் கார்டு இன்னொரு கணினியில். இரண்டும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் மூலம் ஆர்டிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் மூன்றாவது கணினிக்கு அனுப்ப, அங்கே சேர்த்து நேரலை விடுகிறோம். பட்டிமன்றம் தொடங்கும்போது கைதட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு மணி நேரத்தில் சத்தம் ஐந்து பிரேம் பின்னால் (வீடியோ நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம்). நடுவர் வாயை மூடிய பிறகுதான் தீர்ப்பே கேட்கிறது! மூன்றிலும் என்டிபி வழியாக நேரத்தைத் திருத்தும் குரோனி ஓடுகிறது, கணினிகளின் நேர வித்தியாசம் ஒரு மில்லிவினாடிக்குள்தான். பஃபரை (தற்காலிகச் சேமிப்பை) கூட்டியும் பலனில்லை.

பதில் 1:
29.97, 30 குழப்பமாக இருக்கும். பிரேம் ரேட்டைப் பாருங்கள்.

பதில் 2:
அதுவாக இருந்தால் மணிக்கு 3.6 நொடி விலகும். இங்கே 200 மில்லிவினாடிதானே. நெட்வொர்க்கும் இல்லை, அது ஏறும், இறங்கும், இப்படிச் சீராக வளராது.

குரோனி திருத்துவது கணினியின் கடிகாரத்தை மட்டும். சவுண்ட் கார்டு தனக்குள் கடிகாரமாக இருக்கும் சொந்தக் கிரிஸ்டலை வைத்துச் சாம்பிள்களை (சத்தத்தின் அளவீடுகளை) எண்ணுகிறது. கைக்கடிகாரத்தைத் திருத்தினால் சுவர்க்கடிகாரம் திருந்துமா? உங்கள் கார்டு நொடிக்கு 48000 என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று சாம்பிள் கூடுதலாகத் தருகிறது. மணிக்கு 9600 சாம்பிள், அதுதான் அந்த ஐந்து பிரேம். பத்து லட்சத்துக்கு 55 பங்கு பிழை. மலிவான கார்டில் சகஜம். ஆனால் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரைப்படி சத்தம் 60 மில்லிவினாடிக்கு மேல் பின்தங்கக் கூடாது. நீங்கள் அதை 18 நிமிடத்திலேயே தாண்டிவிடுகிறீர்கள்.

சத்தம் அனுப்பும் கணினியிலேயே, சத்தத்தைச் சுருக்கும் என்கோடருக்கு முன்னால், எஃப்எஃப்எம்பெக்கின் ஏரீசாம்பிள் ஃபில்டரைப் போடுங்கள். ஆல்சா (லினக்ஸின் ஒலி அமைப்பு) வழி வரும் சத்தத்துக்கு எஃப்எஃப்எம்பெக் கணினி நேரத்தைத்தான் முத்திரையாக இடுகிறது. ஃபில்டர் அதைப் பார்த்துச் சாம்பிள்களைச் சரிக்கட்டும்.

கேட்டவர்:
அந்த ஃபில்டரில் ஏசிங்க் என்ற அமைப்பை 1 என்று போட்டேன். விலகல் நின்றுவிட்டது. ஆனால் அவ்வப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

பதில் 2:
1 என்றால் வெட்டும், இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். 1000 போடுங்கள். நொடிக்கு அதிகபட்சம் அத்தனை சாம்பிள் வரை நீட்டவோ சுருக்கவோ அனுமதி. உங்களுக்குத் தேவை மூன்றுதான், காதுக்குத் தெரியாது.

கேட்டவர்:
இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். கைதட்டல் ஒரு பிரேமுக்குள் நிற்கிறது, டிக்கும் இல்லை. ரொம்ப நன்றி அண்ணா.