செம்புக் கம்பிக் கொக்கி

பழைய மாதிரி ரயில் எஞ்சினுக்குப் புதிதாக வர்ணம் பூசலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். பூச வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்பதற்குக் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. காலி நகரப் பக்கம் போகும் புகையிரதம் கடக்கும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடிகள் அதிரும். வீட்டை விற்றுவிட்டு மகனுடன் கனடாவுக்குப் போகவிருந்த ஓர் அம்மா, "அப்பாவின் ரயில் பெட்டி ஒன்று கிடக்கிறது, வந்து பாருங்கள் தம்பி" என்று அழைத்திருந்தார். எல்லாவற்றையும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஒரே நாளில் அப்பா வாங்கியதாக அவர் நம்பியிருந்தார்.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டது துரு. தண்டவாளத்தின் தகர அடித்தட்டில் அச்சிட்ட சல்லிக்கற்களைக் கடல் உப்பு பாதி தின்றிருந்தது. நடுவில் மூன்றாவது தண்டவாளம் ஓடியது. லிவர்பூல் பின்ஸ் வீதியில் இருந்த மெக்கானோ விளையாட்டுப் பொருள் தொழிற்சாலை 1938இல் அறிமுகப்படுத்திய ஹோர்ன்பி டப்லோ என்ற ரயில் வகை என்பதில் சந்தேகமே இல்லை. 32 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடிய பழைய 'ஓ' அளவு ரயில்களுக்கு வீட்டில் பெரிய இடம் வேண்டும். இதன் பாதை 16.5 மில்லிமீற்றர்தான், சாப்பாட்டு மேசையிலேயே ஒரு சுற்று விரித்துவிடலாம். மெக்கானோ நிறுவனர் பிராங்க் ஹோர்ன்பி இதைப் பார்க்கவில்லை, 1936இலேயே காலமாகிவிட்டார்.

எஞ்சினைக் கையில் எடுத்தேன். செம்பழுப்பு நிறம், பக்கவாட்டில் 'டச்சஸ் ஒஃப் அத்தோல்' என்ற பெயர். இந்த எஞ்சின் போருக்குப் பின்னரே விற்பனைக்கு வந்தது. அம்மா சொன்ன கதையோடு அது ஒத்துவரவில்லை. ஆனால் அடியில் கிடந்த சரக்கு வண்டியின் வார்ப்படச் சட்டம் உப்பி, விரிசல் விட்டிருந்தது. துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால் அந்த உலோகம் பல்லாண்டுகளில் உள்ளிருந்தே வெடிக்கும். ஈரமான காற்று அதை விரைவுபடுத்தும். போருக்கு முந்திய டப்லோக்களுக்கு இது பெயர் போன நோய். அதை எஞ்சினோடு இணைக்கும் கொக்கியும் அந்தக் காலத்துத் தட்டைக் கொக்கி. போருக்குப் பின் கொக்கியின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று மாட்டாது.

மாட்டாத அந்த இடத்தில்தான் செம்புக் கம்பி இருந்தது. இரண்டு முனையிலும் வளையம் வைத்து, நடுவில் நெருக்கமாக முறுக்கி, நகத்தளவில் ஒரு கொக்கி. யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். போருக்கு முன்னர் ஒரு தொகுதி வாங்கிய மனிதர், போர் முடிந்து புதிய எஞ்சின் வந்ததும் அதையும் வாங்கி, இரண்டையும் சேர்த்து ஓட்ட வழி தேடியிருக்கிறார். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் எஞ்சின் எனக்காக வாங்கியது" என்றார். அவர் போர்க் காலத்தில் பிறந்தவர்.

வெளிநாட்டிலிருந்து படம் பார்த்து விலை பேசிய ஒருவர், கம்பியைக் கழற்றி, வர்ணமும் பூசி அனுப்பினால் கூடுதலாகத் தருவதாக மகனிடம் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று நான் மன்றாடினேன். மெக்கானோ 1964இல் கைமாறியது; பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. அங்கே செய்த எஞ்சின்கள் இன்றும் ஏலங்களில் கிடைக்கின்றன. அந்தக் கம்பிக் கொக்கி உலகத்தில் ஒன்றுதான். அப்பாவின் கை பட்ட பழைய வர்ணமும் அப்படித்தான், போனால் திரும்பாது. மகன் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பிறகு எஞ்சினைக் கவனித்தேன். கூழாகிக் காய்ந்திருந்த பழைய எண்ணெயை மெதுவாகத் துடைத்தேன். மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதியான சுழலியை வெளியே இழுக்கவில்லை. இழுத்தால் மோட்டாரின் காந்தம் வலுவிழந்துவிடும், புதிதாகத் தொடங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. தேறிய தண்டவாளங்களை மட்டும் பொருத்தி 12 வோல்ற் கொடுத்தேன். இருமுறை முனகியது. மூன்றாம் முறை பாய்ந்து புறப்பட்டது.

அம்மா என் கையைப் பிடித்தார். "மெதுவாக விடுங்கள் தம்பி. அப்பா மெதுவாகத்தான் விடுவார்."