யென்கோ, நிக்கி காடிகளும் டீலர் காலத்துச் சாமான்களும்: கோலாலம்பூரில் உட்கார்ந்து அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

செந்தூல்427

வணக்கம். அமெரிக்காவில் இரண்டு பழைய செவர்லே காமரோ காடிகள் (கார்கள்) விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1969, டான் யென்கோ என்ற செவர்லே டீலர் விற்ற காடி என்கிறார்கள். இன்னொன்று 1967, சிகாகோ நிக்கி செவர்லே டீலர் புதிதாக விற்கும்போதே 427 கன அங்குல இன்ஜினை மாற்றிக் கொடுத்த காடியாம். மச்சான் சிகாகோவில் இருக்கிறார், நேரில் போய்ப் பார்க்கத் தயார். ஆனால் அவர் போமன் (மெக்கானிக்) இல்லை. எதையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொல்வது?

கூடவே வேறொருவர் ஒரு பெட்டிச் சாமான் விற்கிறார்: டீலர் பெயர் போட்ட நம்பர் பிளேட் பிரேம், எஸ்ஒய்சி (யென்கோ சூப்பர் கார்) ஸ்டிக்கர், டான் யென்கோ கையெழுத்திட்ட போஸ்டர், டீலர் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்த பில், வாரண்டி புத்தகத்தோடு வரும், காடி விவரம் அடித்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற உலோகத் தகடு. அதை வாங்கலாமா?

பழைய_இரும்பு

இரண்டு காமரோவையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். 69 யென்கோவுக்கு 427 தொழிற்சாலையிலேயே ஏறியது. டான் யென்கோ செவர்லேயிடம் கோபோ 9561 என்ற சிறப்பு ஆர்டரில் எல்72 என்ற 427 இன்ஜினோடு காடிகளை வரவழைத்தார். கூடவே 9737 ஆர்டரும் போட்டிருந்தார். 140 மைல் ஸ்பீடோமீட்டர் அதில்தான் வரும். டீலர் கடையில் நடந்தது பெரும்பாலும் ஸ்டிக்கர், எம்பளம் வேலை. ஆகவே இந்தக் காடியில் இரும்பு பேசும்.

67 கதை வேறு. அந்த வருஷம் காமரோவில் 427 தொழிற்சாலையில் போடவே இல்லை. 350, 396 காடியாக வந்ததைப் பிரித்து டீலர் மாற்றினார். கவுண்டரில் வாங்கிய இன்ஜினில் காடியின் நம்பர் இருக்காது. 'நம்பர் மேட்சிங்', அதாவது இன்ஜின் நம்பரும் காடி நம்பரும் ஒன்று என்று விற்பவர் சொன்னால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். அங்கே காகிதம்தான் சாட்சி.

69க்கு மச்சான் எடுக்க வேண்டிய படங்கள்:

இன்ஜின் முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு தட்டையான பேட் இருக்கும். அங்கே டி0214எம்என் மாதிரி எழுத்து வரவேண்டும். டி என்றால் டோனவாண்டா ஆலை, 0214 பிப்ரவரி 14, எம்என் என்றால் மேனுவல் கியர் எல்72, ஆட்டோவுக்கு எம்ஓ. எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. பேடின் மேல் நுண்ணிய கோடுகள் ஒரே திசையில் ஓடவேண்டும், அது ஆலையில் பிளாக்கைச் சீவிய தடம். வழவழப்பாக இருந்தாலோ வட்டமாகத் தேய்த்த தடம் இருந்தாலோ பழைய எழுத்தை அழித்துப் புதிதாக அடித்திருக்கலாம். பிளாக்கை மறுபடி சீவிய நேர்மையான ரிப்பேராகவும் இருக்கலாம். எப்படியானாலும் சாட்சி போய்விட்டது, விலை இறங்கவேண்டும்.

அதே பேடிலோ ஆயில் பில்டர் பக்கத்திலோ 19என் என்று தொடங்கி ஆறு இலக்கம் இருக்கும். என் என்பது நார்வுட் ஆலை. இந்த ஆறு இலக்கம் டேஷ்போர்டு நம்பரோடும், கியர்பாக்ஸ் மேல் அடித்ததோடும், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் பயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஒளிந்திருக்கும் நம்பரோடும் ஒத்துப்போகவேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் போலி செய்பவர்கள் மறப்பார்கள். ஹீட்டர் பெட்டியைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கமாட்டார் என்றால் பயர்வால் வழியே சின்ன கேமரா விட்டுப் பார்க்கலாம்.

பிளாக் வார்ப்பு எண் 3963512 என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அதே பிளாக் 454க்கும் போனது. வார்ப்புத் தேதியும் வேண்டும்: பி 3 9 என்றால் 1969 பிப்ரவரி 3. வார்ப்பு முதலில், அப்புறம் இன்ஜின் கட்டிய தேதி, அதற்கப்புறம் பயர்வால் தகட்டில் உள்ள பாடி தேதி. 02டி என்றால் பிப்ரவரி நான்காம் வாரம். இந்த வரிசை மாறியிருந்தால் அந்த இன்ஜின் அந்தக் காடியில் பிறந்ததா என்று சந்தேகப்படுங்கள். பிளாக்கில் சிஇ என்று தொடங்கினால் பயப்படாதீர்கள், அது வாரண்டியில் மாற்றிக்கொடுத்த பிளாக். போலி இல்லை, ஆனால் அசல் விலையும் இல்லை.

பின் ஆக்சில் குழாயில் பிஇ என்ற குறி வேண்டும், 4.10 பல் விகிதம். பெட்ரோல் டேங்குக்கு மேலேயும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயும் பில்ட் ஷீட் (ஆலையில் காடி கட்டும்போது வைத்த விவரத் தாள்) சிக்கியிருக்கலாம். துருவோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, படம் மட்டும் எடுங்கள்.

காகிதப்பூச்சி_பினாங்கு

பெட்டிச் சாமானுக்கு வருகிறேன். எம்பளம், ஸ்டிக்கர், பிரேம் இவை எந்தக் காடியையும் நிரூபிக்காது. இதே மாதிரி வேகக் காடிகள் செய்த பால்ட்வின்-மோஷனின் மோஷன் கடை கேட்டலாக் அடித்துத் தபாலில் சாமான் விற்றது. ராயல் பான்டியாக் டீலரும் வேகம் கூட்டும் பாப்கேட் கிட்டைத் தபாலில் அனுப்பியது. யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டியிருக்கலாம். பான்டியாக் என்றால் பிஹெச்எஸ் என்ற பான்டியாக் ஆவண நிறுவனத்திடம் பழைய பில் நகல் வாங்கலாம், காடி ராயலுக்குப் போனதா என்று தெரியும். அங்கே பாப்கேட் வேலை நடந்ததா என்பது அதில் இருக்காது.

டைப் அடித்த பில்தான் ஆபத்து. மூடிப்போன டீலர்களின் காலி பில் புத்தகங்கள் சந்தையில் விலைக்குக் கிடைக்கின்றன. காகிதம் அசல், எழுத்து நேற்று அடித்தது. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: டைப்ரைட்டர் எழுத்து காகிதத்தைக் குழித்திருக்கும், பின்பக்கம் விரலுக்குத் தட்டும். லேசர் பிரிண்டர் தூள் மேலே ஒட்டியிருக்கும், ஓரத்தில் புள்ளிகள் சிதறியிருக்கும். பஞ்ச் துளையும் மடிப்பும் எழுத்துக்கு முந்தியா பிந்தியா என்றும் பாருங்கள். மடிப்பின் மேல் மை ஓடிப் பரவியிருந்தால் மடித்தபின் எழுதியது.

யூவி டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும் காகிதம் போலி என்பார்கள். 60களின் காகிதத்துக்கு அது செல்லாது. வெண்மையூட்டும் ரசாயனம் 50களிலேயே காகிதத்தில் வந்துவிட்டது.

முகவரியைப் பாருங்கள். அமெரிக்க ஜிப் எண் (அஞ்சல் குறியீடு) 1963 ஜூலையில்தான் தொடங்கியது. யென்கோ கடை இருந்த கேனன்ஸ்பர்க்கின் 15317 என்ற எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு நாலு இலக்கம் கூடுதலாக இருந்தால் அது 1983க்குப் பிந்திய அச்சு. சாவிக்கொத்து உறையில் பார்கோடு இருந்தால் 1974க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. டான் யென்கோ 1987இல் விமான விபத்தில் இறந்தார். போஸ்டர் அச்சான வருஷம் அதற்குப் பிந்தியது என்றால் கையெழுத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எஸ்ஒய்சி ஸ்டிக்கரை லென்ஸில் பார்த்தால் நிறம் புள்ளிப்புள்ளியாக இல்லாமல் ஒரே பரப்பாக இருக்கவேண்டும், அது ஸ்கிரீன் அச்சு.

புரொடெக்ட்-ஓ-பிளேட் காடியோடு சேர்ந்து வந்தால் தங்கம். தனியாக வந்தால் வாங்காதீர்கள். இன்றைக்கும் புதிதாக அடித்துத் தருகிறார்கள்.

செந்தூல்427

நன்றி அண்ணே. 67க்கு டீலர் பில் இல்லை என்கிறார்கள், முதல் ஓனரின் மகன் எழுதிய கடிதம் மட்டும். அப்புறம், பெட்டிச் சாமான் தபாலில் வந்தால் வரி எப்படி?

பழைய_இரும்பு

வெறும் கடிதம் போதாது. என்சிஆர்எஸ் என்ற கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தில் ஷிப்பிங் ரிப்போர்ட் கேளுங்கள், காடி எந்த டீலருக்குப் போனது என்று சொல்வார்கள். நிக்கிக்கே போகவில்லை என்றால் அங்கேயே முடிந்தது. போயிருந்தால் அந்தக் காலத்து இன்ஷூரன்ஸ் தாள், டிராக் ரேஸ் டைம் சீட்டு, தேதி தெரியும் குடும்பப் போட்டோ கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நல்ல 427 காமரோ என்ற விலை கொடுங்கள், நிக்கி விலை கொடுக்காதீர்கள்.

காடியை இங்கே கொண்டுவரும் எண்ணம் இருந்தால் முன்பணம் கட்டும் முன்பே வர்த்தக அமைச்சான மிட்டியிடம் ஏபி (இறக்குமதி அனுமதி) பற்றியும், இடது ஸ்டியரிங் பதிவு பற்றி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் ஏஜென்ட் வாய்ச்சொல் உதவாது.

காகிதப்பூச்சி_பினாங்கு

500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத விற்பனை வரி, பெரிய தளங்கள் வாங்கும்போதே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சாமான் விலை, கப்பல் செலவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டிக் கஸ்டம்ஸ் கணக்குப் பார்க்கும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், தொலைந்தால் எழுதிய தொகைதான் திரும்ப வரும்.

வந்து சேர்ந்தபின் நம்ம ஊர் ஈரம்தான் எதிரி. கேமராக்காரர்கள் வைக்கும் டிரை கேபினட்டில் 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ரொம்ப வறண்டுபோனால் பழைய காகிதம் உடையும். பிவிசி உறை மையை உரித்துவிடும், பாலிபுரொப்பிலீன் கேட்டு வாங்குங்கள். லாமினேட் செய்தால் விற்பனை மதிப்பு அதோடு சரி. குரோம் எம்பளத்தைக் குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கவேண்டாம், உள்ளே இருப்பது துத்தநாகம். புளிப்பு நுழைந்தால் குரோம் கொப்புளித்து உதிரும். மிருதுவான துணி, கொஞ்சம் கார் மெழுகு போதும்.